இரைச்சலுக்குள் சொன்னது

விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஓர் உதறு உதறி உருளையின் வாயில் கொடுக்கும்போதே அவள் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். மற்ற இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் நெட்டைக்கு அது பழகிப்போன காட்சி. தன்னிடம் பேசவில்லை, ஆண்டவனிடம் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்தின் இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழாது. பகல் முழுக்க வாய் அசையும், சத்தம் மட்டும் வராது. அதனால் அங்கே அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர். "ரேடியோ நல்லாத்தான் ஓடுது, ஸ்டேஷன்தான் கிடைக்க மாட்டேங்குது" என்பாள் நெட்டை.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் அங்கே மலையாகக் குவிந்திருக்கும். சுவரோரம் துவைக்கும் இயந்திரங்கள். எதிர்ப்பக்கம் தடதடவென்று சுற்றும் உலர்த்தும் டிரம்கள். நடுவில் நீளமான சூட்டு உருளை. ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்பளம்போல் மொடமொடவென்று வரும். நேராகக் கொடுக்க வேண்டும். ஓரம் மடிந்து உள்ளே போனால் உருளையில் சுற்றிக்கொள்ளும். ரேடியோக்கா கொடுத்த விரிப்பு சுற்றிக்கொண்டதில்லை.

அவள் வேண்டுதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. "முதல்ல நல்லத சொல்லணும். வந்ததும் வராததுமா அது குடு இது குடுன்னு ஒருத்தர் நம்ம வீட்டு வாசல்ல நின்னா நமக்கு எப்படி இருக்கும்? ஆண்டவனும் மனுசன்தானே" என்று சாப்பாட்டு வேளையில் நெட்டைக்கு விளக்கியிருக்கிறாள். காலையில் பால் பொங்கி விளிம்புக்கு வந்தது, சிந்துவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாள், அதைச் சொல்வாள். ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்து டிரைவர் பஸ்ஸை நிறுத்தி வைத்தார், அதைச் சொல்வாள். குளிர்ந்த காலையில் உருளையிலிருந்து வந்த சூடான விரிப்பை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்குக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தைத் தவறாமல் சொல்வாள். "அதுல ஒரு சொகம் இருக்கு பாரு, அது உனக்குத் தெரியாது. உனக்குத்தான் குளிராதே" என்று அவனிடமே சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்பாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நெட்டையின் முழங்கால் வலிக்காக ஒரு நாள். சூப்பர்வைசருடைய மனைவியின் பிரசவத்துக்காக ஒரு நாள். பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் அவர் வாங்கிக்கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதுபோல் உருளையைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

கும்பிடும் இடங்களுக்கு அவள் போகாமலில்லை. ஆனால் அங்கே எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அவளுக்கு அங்கே நாக்கு எழாது. பிறந்த வீட்டில் அப்பாவுக்கு இரவு வேலை; பகலில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புகுந்த வீட்டில் மாமியாருக்குக் கண் மங்கியது, காது மங்கவில்லை. வாய்விட்டுப் பேச அவளுக்குக் கிடைத்த முதல் இடம் இந்தக் கூடம்தான். முழுத் தொண்டையில் பேசலாம். பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூடக் கேட்காது.

கூடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. உருளையில் எது சிக்கினாலும் அதை அழுத்துவார்கள். ஆபத்துக்கென்று வைத்தது, ஆகையால் உருளை மட்டுமல்ல, டிரம்கள், இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்த யாருடைய பேச்சாவது வெட்டவெளியில் வந்து நிற்கும். ஒருமுறை மடிக்கிற பெண் ஒருத்தி "நானே போய் அவர் வாயை மூடிட்டுத் தூங்கினேன்!" என்று அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. கணவனின் குறட்டையைப் பற்றித்தான் சொன்னாள். பிறகு அந்த ஆள் கூடத்து வாசலுக்கு வரும்போதெல்லாம் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தானை அழுத்துகிற வேளைக்காகவே அங்கே பாதிப்பேர் காத்திருப்பார்கள். யார் மாட்டுவார் என்று பார்ப்பதற்கு.

ரேடியோக்கா மாட்டியதில்லை. இத்தனை காலமும். விரிப்பு சிக்குவதை முதலில் பார்ப்பது அவள் கண்தான்; பொத்தானுக்குக் கை போவதற்குள் அவள் வாய் மூடிவிடும்.

கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு அவளுக்கு ஓர் அறையும் ஒட்டிய சமையலறையும் மிஞ்சின. முதல் வாரம் அழுதாள். அப்புறம் ஒரு நாள் மாலை, வேலையிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், எதிர் நாற்காலியின்மேல் கால்களைத் தூக்கிப் போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை. டீ ஆறும்வரை அப்படியே இருந்தாள். மறுநாள் உருளையின் முன்னால் சொல்ல வேண்டிய நல்லதில் இது முதலாவதாக வந்தது. "ஒரு நாற்காலில நான், இன்னொன்னுல என் காலு. மகாராணி மாதிரி. வேற யாருக்கும் சொல்லிடாத." கணவரில்லாத வீட்டுக்கு நன்றி சொல்கிறோமே என்று அப்போது கொஞ்சம் கூசியது. ஆனாலும் சொன்னாள்.

மகள் வந்தபோது கையில் ஒரு பை, இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்றாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை. மறுநாள் சமையலறையில் பாத்திரத்தின் மூடி ஒன்று கீழே விழுந்தது. மகள் சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். பிறகு முடியை ஒதுக்கிக்கொள்வதுபோல் கைகளை மெல்ல இறக்கினாள். இவள் பார்த்தாள். இவள் பார்த்ததை மகளும் பார்த்தாள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று உருளையின் முன்னால் அவள் வேண்டியது நியாயமானதுதான். "மாப்பிள்ளைக்கு நல்ல புத்தி குடு. திருந்தி வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

ஆனால் ஓர் அறை ஓர் அறைதான். இரண்டு நாற்காலிகளிலும் குழந்தையின் ஈரத்துணி காய்ந்தது. கட்டிலில் மூன்று பேர். குழந்தை குறுக்கே படுத்து இவள் விலாவில் உதைத்தது. இவள் துண்டு ஈரமாக இருந்தது. இவள் டம்ளரில் யாரோ பால் குடித்திருந்தார்கள். குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு மகள் வெகுநேரம் உள்ளே இருந்தாள். குளிக்கிற சத்தம் அல்ல அது. கதவைத் தட்டக் கை போகும், பிறகு வேண்டாமென்று தோன்றும். வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்கும். அவள் நடை தானாக மெதுவாகும்.

உருளையின் முன்னால் அவள் தினமும் மாப்பிள்ளை வருவதையே கேட்டாள். ஒரே வேண்டுதல். ஆனால் தினமும் சொல்லச் சொல்ல அது தேய்ந்தது. நல்ல புத்தி என்ற பகுதி எந்த நாளில் கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் காலை அவள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வேலைக்குப் போனாள். அதைத் தேட விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துகொள்ளும் என்று இருட்டில் தடவிப் பார்த்து, அகப்படாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள். எரிச்சலோடுதான் உருளையின் முன் நின்றாள். கண்ணாடியில்லாமல் வெள்ளை விரிப்பின் வெள்ளை ஓரம் அவளுக்குத் தெரியவில்லை. மடிந்த ஓரம் மடிந்தபடியே உள்ளே போனது. விரிப்பு உருளையில் சுற்றத் தொடங்கியது. அவள் அன்று நல்லதைச் சொல்லாமல் நேரே வேண்டுதலுக்கு வந்திருந்தாள். நெட்டை எட்டிப் பொத்தானை அடித்தாள்.

"திருந்தலன்னாலும் பரவால்ல, வந்து கூட்டிட்டுப் போயிடட்டும்! எனக்கு என் வீடு வேணும்!"

இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன; அது கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு சிரிப்பு வெடித்தது. "ஸ்டேஷன் கிடைச்சிடுச்சு!" என்று நெட்டை கை தட்டினாள். மடிக்கிற மேசையிலிருந்தவர்கள் தட்டினார்கள். சூப்பர்வைசர் தன் கண்ணாடிக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, நம்ம ரேடியோவா?" என்றார். அவளும் முதலில் சிரித்தாள். மாட்டிக்கொண்டவர் சிரிப்பது அங்கே வழக்கம்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் கண்ணாடிக் கூடு.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மகள் ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, கூட்டை மேசை விளிம்பில் வைத்தாள்.

"கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டியேம்மா. தலைகாணிக்குக் கீழ இருந்துது."

"நீ எதுக்குடி இவ்ளோ தூரம்..."

"இருக்கட்டும்." குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். "பாட்டிக்கு டாட்டா சொல்லு. வேலை இருக்கு அவங்களுக்கு."

குழந்தை எல்லாருக்குமாகக் கை ஆட்டியது. நெட்டை சிக்கிய விரிப்பை இழுப்பதில் மும்முரமானாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரேடியோக்கா பொய் ஒன்றைத் தயார் செய்தாள். நெட்டைக்கு ஒரு நாத்தனார் இருக்கிறாள், அவள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. இறங்குவதற்குள் அந்த நாத்தனாருக்கு ஊதாரிக் கணவனைக்கூடக் கொடுத்துவிட்டாள். வீட்டைத் திறந்தால் இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. துணியெல்லாம் மடிக்கப்பட்டு மகளின் பைமேல் இருந்தது. தரை துடைத்திருந்தது. "டீ போட்டிருக்கேன். உக்காரும்மா" என்றாள் மகள். அவள் உட்கார்ந்தாள். கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நாத்தனார் வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து மகள் எதற்கும் கேட்க ஆரம்பித்தாள்.

"ஃபேன் போடட்டுமாம்மா?"

"இந்த சோப்ப எடுத்துக்கட்டுமா?"

"பாப்பாவுக்குக் கொஞ்சம் பால் ஊத்திக்கறேன். உனக்கு வேணும்னா விட்டுடறேன்."

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? எடுத்துக்கயேன்."

"கேட்டுக்கிட்டா நல்லதுதானேம்மா."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாம். சண்டை போட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கலாம். அப்படித்தான் அவர்கள் வீட்டில் எல்லாம் முடியும். மகள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் தங்கியிருப்பவள்போல் நடந்துகொண்டாள். குழந்தை சிணுங்கினால் உடனே தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். இவள் தூங்க வேண்டுமாம். குழாய்ச் சத்தமும் நின்றுவிட்டது. இப்போது எங்கே அழுகிறாள் என்று இவளுக்குத் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் ரேடியோக்காவின் உதடுகள் அசையவில்லை. "அக்கா, நான் சிரிச்சது தப்புக்கா. புள்ள நின்னத பாக்கல" என்றாள் நெட்டை.

"நீ சிரிச்சா என்ன. சொன்னது நான்தானே."

"வாய்தவறி வர்றதுதானே. எல்லாருக்கும் வரும்."

அவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். வாய்தவறி வந்ததென்றால் ஒருநாள் வந்திருக்கும். அவள் அதைத் தினமும் சொன்னாள், நின்று நிதானமாக, முழுத் தொண்டையில், நல்ல வேண்டுதல் என்று நினைத்து. அந்த மூடி விழுந்ததைப் பார்த்த பிறகும் சொன்னாள். ஆண்டவன் முன்னால் அவளுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. மகள் காதில் விழுந்த பிறகுதான், அவனும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது உறைத்தது. உருளையின் முன் நிற்கவே முகம் காந்தியது. சூட்டினால் என்று நெட்டை நினைத்திருப்பாள்.

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தவர், "என்ன, ஸ்டேஷன மூடிட்டாங்களா?" என்றார். நெட்டை அவரை முறைத்தாள்.

விடுமுறை நாளன்று, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "அவருக்கு ஃபோன் பண்ணேம்மா. நாளைக்கு சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

ரேடியோக்கா கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள். "திருந்திட்டானா?"

இவ்வளவு நாளில் மாப்பிள்ளையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். மகள் இன்னொரு தண்டைக் கிள்ளினாள்.

"பரவால்லம்மா" என்றாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கேட்ட எத்தனையோ கிடைத்ததில்லை. நெட்டையின் முழங்கால் இன்னும் வலிக்கிறது. இது மட்டும் சொன்னது சொன்னபடி கிடைத்தது.

மறுநாள் உருளையின் முன்னால் அவள் உதடுகள் மறுபடி அசைந்தன. நெட்டை அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். ஆனால் உள்ளே வேறாக இருந்தது. முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். நல்லது ஒன்றும் அகப்படவில்லை. "நான் கேட்டத குடுக்காத" என்றாள். "கிறுக்கி ஒருத்தி கத்துனான்னு விட்டுடு." விரிப்பு போனது. அடுத்த விரிப்பு போனது. எவ்வளவு கத்தியும் யாரிடமும் போய்ச் சேராததுபோல் இருந்தது. போய்ச் சேர வேண்டியவள் ஓர் அறையில் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரைச்சல் இருந்தால்தான் பேச வரும் என்ற ஒரு ஜென்மம், ஆண்டவனையே குறுக்கே நிறுத்திவைத்து அவனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

கையிலிருந்த முனைகளை விட்டாள். "ஆள் போட்டுக்க" என்று நெட்டையின் காதில் கத்தினாள்.

"எங்கக்கா போற?"

"வீட்டுக்கு."

சூப்பர்வைசர் கூண்டிலிருந்து கையை விரித்து என்னவென்று கேட்டார். அவள் நிற்கவில்லை. ஏப்ரனோடு பஸ் ஏறினாள்.

மாப்பிள்ளை முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வாசலில், படிக்கட்டின் மேல்படியில் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, வாரிய தலை, கையில் பிஸ்கட் பொட்டலம். மகளின் பை அவர் காலடியில். அதன் பக்கத்தில் குழந்தை, வெளியே போகிற உடுப்பில்.

"வாங்க அத்தை. உங்ககிட்ட சொல்லிட்டுக் கெளம்பலாம்னுதான் நிக்கிறோம்" என்றார். நல்ல குரல்.

"வரேம்மா" என்றாள் மகள். "டம்ளரெல்லாம் கழுவி வச்சுட்டேன். கண்ணாடி ஜன்னல்கிட்ட இருக்கு."

ரேடியோக்கா வாயைத் திறந்தாள். மாடிப்படி அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குழாய் சொட்டும் ஒலி கேட்டது. நாக்கு எழவில்லை. வழக்கம்போலத்தான். பிறகு எழுந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே அளவில், சலவைக்கூடத்தின் அளவில் எழுந்தது.

"அவ வரமாட்டா!"

மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மெதுவா பேசுங்க அத்தை. நாலு பேர் கேக்கறாங்க."

"கேக்கட்டும்! அவ இங்கதான் இருப்பா! குழந்தையும் இங்கதான் இருக்கும்!"

"இது என்ன புதுசா?" அவர் குரல் ஏறவில்லை. "இவ எப்ப போவான்னு நீங்களே வேண்டிக்கிட்டீங்களாம். உங்க மகதான் சொன்னா. நான் எப்படி இருந்தாலும் பரவால்லன்னீங்களாமே."

மேல்மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாரோ நின்றார்கள். மகள் தரையைப் பார்த்தாள். அவள் காதின் நுனிவரை சிவந்திருந்தது. வெட்கப்பட வேண்டியது தான்தான் என்பதுபோல.

இல்லை என்று சொல்லலாம். நெட்டையின் நாத்தனார் இன்னும் தயாராக இருந்தாள்.

"ஆமா" என்றாள் ரேடியோக்கா. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. மேல்மாடிக்குக் கேட்டிருக்காது. "வேண்டிக்கிட்டேன். தினமும்தான்."

அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. தன் வயிற்றில் பிறந்தவளிடம் அதை எப்படிச் சொல்வதென்று அவள் எங்கும் கற்றிருக்கவில்லை. மகள் பையின் காதைப் பிடித்தபடி நின்றாள். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரேடியோக்கா அவர்களைத் தாண்டி வந்து வாசற்படியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையின் ஒரு காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். நெடும்பயணத்துக்கென்று மகள் ஷூவின் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறித் தடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. குனிந்து, பல்லால் கடித்து இழுத்தாள். அவள் தலை மகளின் காலடிவரை தாழ்ந்தது. முடிச்சு விட்டதும் ஷூவைக் கழற்றித் தனக்குப் பின்னால், வீட்டுக்குள், தள்ளி வைத்தாள். பிறகு, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், மற்ற காலுக்காகக் கையை நீட்டினாள்.